திரும்பி வந்த கல்லுருண்டை

சிறுவயதில் என்னைத் தின்னிப்பண்டாரம் என்று கூப்பிடாதவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, உள்ளதைத்தானே சொன்னார்கள். கொல்லிமலையில் பலாப்பழக் காலத்தில் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று அம்மாவே எனக்காகப் பரிந்து பேசுவாள். காட்டில் கிடைத்ததையும் தின்றேன், வீட்டில் கிடைத்ததையும் தின்றேன், பக்கத்து வீட்டில் கொடுத்ததையும் விடவில்லை. தின்றதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு பண்டத்தின் ருசி மட்டும் இந்த வயதிலும் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போய்த் தொலைந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாட்களில் தோன்றும். அது என் அத்தை பிடித்த கல்லுருண்டை.

மலைக்குக் கீழே இருப்பவர்கள் அதைப் பொரிவிளங்காய் உருண்டை என்பார்கள். அவர்கள் அரிசியில் செய்வார்கள். எங்கள் மலையில் அரிசிக்கு எங்கே போவது? சாமை, தினை, அவரைக்கொட்டை என்று ஒவ்வொன்றையும் தனியாக வறுத்து, திருகையில் அரைத்து, சுக்கும் தோட்டத்து மிளகும் இடித்துப் போட்டு, வெல்லப்பாகு காய்ச்சி ஊற்றிப் பிடிப்போம். பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும், சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் மாவு கையில் நிற்காது, உதிர்ந்துவிடும். பிடித்து வைத்து ஆறிய உருண்டையோ கல்லேதான். வாசற்படியில் வைத்து ஒரு போடு போட்டால்தான் உடையும். ஆனால் மாதக்கணக்கில் கெடாது. தூரதேசம் போகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்க அதைவிட நல்ல பண்டம் கிடையாது.

அந்தச் சூட்டில் கை வைக்க எல்லோராலும் முடியாது. அம்மா ஓர் உருண்டை பிடித்துவிட்டு "ஐயோ, அப்பா" என்று கையை உதறுவாள். அத்தை மட்டும் பேசாமல் பிடித்துக்கொண்டே இருப்பாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருக்கும். ஒவ்வோர் உருண்டையையும் கீழே வைப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். ஆறியதும் அந்த இடத்தில் சின்னப் பள்ளம் தெரியும். எத்தனை பேர் பிடித்த உருண்டைகளைக் கலந்து போட்டாலும் அத்தையுடையதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அத்தையின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் உருண்டையைக் கையில் எடுத்ததும் அந்தப் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க அத்தை என்ர கையப் புடிச்சாப்புல இருக்குது கண்ணு" என்றார்.

"புள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்ட முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருந்தவர்கள்தான் ஒரு மாட்டுக்காகப் பிரிந்தார்கள். அத்தை கல்யாணமாகிப் போகும்போது அப்பா ஒரு கிடாரிக் கன்று கொடுத்து அனுப்பினார். அது வளர்ந்து பால் கறந்துகொண்டிருந்த சமயத்தில், மாமா ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பேளுக்குறிச்சிச் சந்தையில் அதை விற்றுவிட்டு வந்தார். அவர் வீட்டில் என்ன நெருக்கடியோ, எனக்குத் தெரியாது. தன்னிடம் கேட்கவில்லை என்பதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வந்தவளைப் புருஷன் வந்து கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் போகலாம். இது எங்கள் பக்கத்து முறை. அத்தை வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளாக வரட்டும் என்று மாமா அங்கே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் ரோஷத்தில் குறைச்சல் இல்லை. உலகமெல்லாம் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சந்தைக்கு வந்து ஆள் எடுத்தவர்களோடு மாமா பட்டாளத்துக்குப் போய்விட்டார் என்று ஒருநாள் சேதி வந்தது.

அத்தை அழவில்லை. களத்துமேட்டுக்குப் போய், ஏற்கெனவே அடித்து முடித்த சாமைத்தாளை எடுத்து மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கார்த்திகையில், மாமாவோடு பட்டாளத்தில் இருந்த எங்கள் மலைப் பையன் ஒருவன் லீவில் வந்தான். மாமா சுகமாக இருக்கிறார், வடக்கே அசாம் பக்கத்தில் ரோடு போடுகிறார் என்று சொன்னான். தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று அத்தை கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அவரு யாருகிட்டயும் ஒண்ணும் பேசறதில்லீங்க அக்கா" என்றான். ஆனால் போகும்போது விலாசம் எழுதிய காகிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அதை அத்தை அரிக்கேன் விளக்கின் அருகே நெடுநேரம் பிடித்துப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. அதிலும் அது இங்கிலீஷ்.

"தை நோம்பி வருதுங்க நங்கையா" என்றாள் அம்மாவிடம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றும் பொங்கலைத் தை நோம்பி என்றும்தான் சொல்வார்கள். "கொஞ்சம் உருண்டை புடிச்சு அனுப்பி வெக்கலாமுங்களா?"

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு உள்ளூரக் கோபம். வந்து கூப்பிட வேண்டியவன் அவன். நாம் போய் அவனுக்குப் பலகாரம் அனுப்புவதா? ஆனால் தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு, "வெல்லம் வாங்கியாரேன்" என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு கை சாமையோ, நாலு அவரைக்கொட்டையோ, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கல் உப்போ போட்டுத்தான் கொடுப்போம். பலகாரம் கொண்டுபோகும் வேலை என்னுடையது என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. வழியில் பாதி, திரும்பும்போது மீதி என்று என் பங்கை எடுத்துக்கொள்வேன். வந்த பலகாரத்தைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்புவது என்று ஒன்று உண்டு. அதை நான் ஒரே ஒருமுறைதான் கேள்விப்பட்டிருந்தேன். பெண் பேசி முடித்த வீட்டுக்கு அனுப்பிய பலகாரம் கட்டு அவிழ்க்காமல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடுகளும் சாவுக்குக்கூடப் போக்குவரத்து வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. உன் உறவு வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

சண்டைக் காலத்தில் வெல்லம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மிளகு கொடுத்து அப்பா வாங்கி வந்த வெல்லத்தை அத்தை உறியில் தொங்கவிட்டாள். நானும் தங்கச்சியும் அதற்குக் கீழேயே குடியிருந்தோம். வறுக்கும் வாசனை ஊரெல்லாம் அடித்தது. பாகு பதம் பார்க்கத் தண்ணீரில் விட்ட சொட்டு ஒன்று எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அத்தை அந்த முறை யாரையும் கை வைக்க விடவில்லை. அம்மா உதவிக்கு வந்தபோதும், "வேண்டாமுங்க நங்கையா, நானே புடிச்சறேன்" என்றாள். எல்லா உருண்டைகளிலும் அவள் கட்டைவிரல் பள்ளம் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அன்று சாயங்காலம் அவளால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அம்மா உருட்டிக் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணு குடு அத்தை" என்று கேட்டேன்.

"இது அவியளுக்கு சாமி. அவிய தின்னுட்டு வரட்டும். அப்பறம் உனக்கு ஒரு மொறம் நெறையப் புடிச்சுத் தாரேன்."

முறம் நிறைய என்றதும் மாமா சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று நானும் சாமி கும்பிட்டேன்.

கட்டி அனுப்ப எங்களிடம் டப்பா ஏது? மூங்கில்தான். பெருமூங்கிலில் நல்ல அகலமான கணுவாகப் பார்த்து அப்பா ஒரு குழாய் வெட்டி வந்து காயவைத்தார். தேனும் விதையும் நாங்கள் அப்படித்தான் வைப்போம். உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இறங்கின; நடுவில் காய்ந்த மஞ்சள் இலை. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடுப்புக்கரித் துண்டும் ஓர் இரும்பு ஆணியும். பலகாரத்தைக் காட்டுவழியில் கொண்டுபோகும்போது காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க அவற்றைப் போட வேண்டும். அசாம் வரைக்கும் எத்தனை காடு இருக்குமோ! அத்தை யோசித்துவிட்டு இன்னொரு ஆணியும் போட்டாள். வாயை மரக்கட்டையால் அடைத்து, தேன்மெழுகு உருக்கிப் பூசினார் அப்பா. மாமாவின் பழைய வேட்டி ஒன்று அத்தையின் துணிமூட்டையில் எப்படியோ வந்திருந்தது. அதில் ஒரு பகுதியைக் கிழித்து, குழாயைச் சுற்றி நெருக்கமாகத் தைத்தாள்.

சந்தை நாளில் அப்பா மிளகு மூட்டையோடு கீழே இறங்கினார். அத்தை கூடப் போனாள். சந்தையில் போண்டா விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அழுது அடம்பிடித்து உடன் போனேன். அவ்வளவு இறக்கத்திலும் அத்தை குழாயைக் கைமாற்றவில்லை. கைக்குழந்தையைப் போல மார்போடு வைத்துக்கொண்டு இறங்கினாள்.

அடிவாரத்துத் தபாலாபீஸில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அப்பா காகிதத்தையும் குழாயையும் மேஜைமேல் வைத்தார். பெரியவர் விலாசத்தைப் படித்தார், குழாயைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டினார். உள்ளே ஆணி கடகடவென்றது. அவர் முகம் மாறிவிட்டது. பட்டாளத்துக்கு ஒரு குழாய் போகிறது, ஆட்டினால் இரும்புச் சத்தம் கேட்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, "உள்ளே என்னய்யா இருக்கு?" என்று கேட்டார்.

"பலகாரமுங்க."

"எந்த ஊர்ப் பலகாரத்தில் ஆணி இருக்கு? பிரி."

அத்தை தன் தையலைத் தானே அறுத்தாள். கரியையும் ஆணிகளையும் மேஜைமேல் கொட்டியதும் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. உருண்டை ஒன்று உருண்டு மேஜையில் டக்கென்று விழுந்தது. பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். தின்று காட்டச் சொன்னார். அப்பா கடித்தார்; உருண்டை அசையவில்லை, அப்பாவின் பல்தான் அசைந்தது. கடைசியில் எடைக்கல்லால் உடைத்து, ஆளுக்கொரு துண்டு போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. பெரியவர் மென்றுகொண்டே உட்கார்ந்தார். மென்று முடிக்கவே வெகுநேரம் ஆனது. அதற்குள் அவர் முகம் இளகிவிட்டது.

"யாருக்கும்மா இது? புருஷனுக்கா?"

"ஆமாங்க சாமி. இது எப்பிடியும் அவிய கைக்குப் போயிருமுங்களா?"

"சர்க்கார் தபால். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப்போகும்" என்றார் அவர்.

அத்தை எல்லாவற்றையும் உள்ளே போட்டு, அடைப்பில் மெழுகை அழுத்திப் பூசி, சுவரோரமாக உட்கார்ந்து மறுபடியும் தைத்தாள். சந்தை இரைச்சல் ஒன்றும் அவள் காதில் விழவில்லை. சிவப்பு அரக்கை உருக்கித் தையல்மேல் விட்டு முத்திரை குத்தினார்கள். பெரியவர் துணியின்மேல் மையால் விலாசம் எழுதினார். திரும்பி ஏறும்போது அத்தை வெறுங்கையை வீசிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். அவள் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு போனாள். எனக்கு போண்டாவும் கிடைத்திருந்தது. அன்று மலையில் எங்களைவிடச் சந்தோஷமானவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

தை நோம்பி வந்தது, போனது. அத்தை பொங்கல் பானையைவிட வழியைத்தான் அதிகம் பார்த்தாள். மாசியில் சந்தைக்குப் போய்வந்த அப்பாவிடம் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். பங்குனியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்பா சந்தையிலிருந்து வருகிற நாளில் வீட்டைக் கூட்டி மெழுகிவைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பலாப்பழம் பழுத்து முடியும் சமயம். சந்தையிலிருந்து வந்த அப்பா மூட்டையை இறக்கினார். அதற்குள்ளிருந்து மூங்கில் குழாயை எடுத்துக் கட்டிலில் வைத்தார். தபால்காரர் மலைக்கு ஏறி வருகிற வழக்கம் கிடையாது. எங்களுக்கு வருவதை மிளகு வாங்கும் செட்டியார் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். செட்டியார் தராசைப் பிடித்துக்கொண்டே, "உங்க பார்சல் திரும்பி வந்துருக்குது" என்று காலால் காட்டினாராம். அப்பா எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வேட்டித்துணி அழுக்கேறிப் பழுப்பாகிக் கிடந்தது. அதன்மேல் இடம் இல்லாமல் கறுப்பு முத்திரைகள். பெரியவர் எழுதியிருந்த எழுத்தின்மேல் குறுக்குக்கோடு; அதன்கீழே வேறு யாரோ எழுதி, அதற்கும் கோடு; இன்னும் கீழே, அதற்கும் ஒரு கோடு. ஆனால் அரக்கு உடையவில்லை.

"இத்தன கோடு இழுத்து அனுப்பியிருக்கறானே" என்றார் அப்பா. குழாயைக் கட்டிலின் மூலைக்குத் தள்ளிவிட்டார். கோபத்தில் என்றுதான் அன்று நினைத்தேன்.

அத்தை பக்கத்தில் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தையலை அறுத்து மெழுகைச் சுரண்டி அடைப்பை எடுத்தாள்.

"கரி இருக்குதுங்களா நங்கையா?" என்று கேட்டாள் அத்தை.

கரி இருந்தது. ஆணிகள் இருந்தன. மஞ்சள் இலை மடிப்புக் கலையவில்லை.

எங்களுக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் போகும். வாங்கிக்கொள்ள மனமில்லாமல் ஒருவர் திருப்பிக் கொடுத்தால்தான் அது திரும்பி வரும். ஆளைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போனால் தபாலே தானாகத் திரும்பி வந்துவிடும் என்று யாருக்குத் தெரியும்? கீழே போய் அந்தக் கண்ணாடிப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்பா கேட்கவில்லை. தங்கை அனுப்பியதை அவள் புருஷன் தள்ளிவிட்டான் என்பதை ஊரான் ஒருவனிடம் போய் எந்த வாயால் கேட்பது? மானம் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு கேள்விதானே, அதற்கு அவ்வளவு பயமா?

அன்று மத்தியானம் அத்தை குழாயைக் கவிழ்த்து உருண்டைகளை முறத்தில் கொட்டி எங்கள் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க சாமி" என்றாள்.

முறம் நிறைய! அவள் சொன்ன மாதிரியே கொடுத்துவிட்டாள் என்று எனக்கு ஆனந்தம். இத்தனை மாதமாகியும் உருண்டை கொஞ்சமும் கெடவில்லை. நானும் தங்கச்சியும் வாசற்படியில் உடைத்து உடைத்துத் தின்றோம். ஒவ்வொன்றையும் தின்னும் முன்னால் மாமா செய்கிற மாதிரி அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பள்ளம் எனக்குப் பெரிதாக இருந்தது. "இங்க பாரு அத்தை, மாமா மாதிரி" என்று காட்டவும் செய்தேன். அத்தை பார்த்தாள். பிறகு எழுந்து தண்ணீர்க்குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். குடத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். குழாயையும் அரக்கையும் பார்த்தார்கள். பார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை. புருஷன் வேண்டாம் என்று சொன்ன பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுப்பது எங்கள் மலையில் தப்பில்லை. பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டில் பெண்டாட்டியை இழந்த ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். நல்ல மனுஷர். அத்தையிடம் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த தையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். புது வீட்டுக்குப் போகிறாளே, அடிக்கடி போய்ச் சாப்பிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்தது. மழை விட்டிருந்த ஒரு காலையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வற்றி, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். மாமா என்று கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கையில் வெற்றிலை பாக்குப் பொட்டலம், கக்கத்தில் பளபளவென்று ஒரு தகர டப்பா.

"கூட்டிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க மச்சான்" என்றார் அப்பாவிடம். "நாந்தான் மொதல்லயே வந்திருக்கோணும். தப்பு என்ர பேர்லதான்."

அம்மா உள்ளேயிருந்து, "அவ அனுப்புனதத் தொடாமக்கூடத் திருப்பி அனுப்பிச்சுட்டு, இப்ப எந்த மொகத்தோட வாரீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"என்னத்த அனுப்புனீங்க?" என்றார் மாமா.

அவர் அதைக் கேட்ட விதத்தில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். அத்தை வளப்பூருக்குப் போனது வரை அப்பா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எடம் எடமா மாத்துனாங்க. அப்பறம் காலு ஒடிஞ்சு ஆசுபத்திரியில கெடந்தேன். எனக்கு ஒண்ணும் வல்லீங்க மச்சான்" என்றார். வெற்றிலைப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, "உருண்டைங்களா?" என்று கேட்டார். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா சோறு போட்டாள். அவர் கை நனைக்கவில்லை. அத்தை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், ஒரு பையன் பிறந்திருக்கிறான் என்று அப்பா சொன்னார். "அவ நல்லா இருக்கட்டும். நான் வந்தத அவளுக்குச் சொல்ல வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் டப்பாவை என் கையில் வைத்தார்.

"நீங்க தின்னுங்க கண்ணு."

டப்பாவுக்குள் பிஸ்கட். அதற்குமுன் நான் பிஸ்கட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கடிக்கவே வேண்டாம், வாயில் வைத்ததும் கரைந்து போனது. கல்லுருண்டை தின்று பழகிய எங்களுக்கு இப்படியும் ஒரு பண்டமா என்று ஆச்சரியம். தங்கச்சிக்கு ஒன்று கொடுத்தால் எனக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு தின்றேன். மாமா காலைச் சாய்த்து இறக்கத்தில் போவது தெரிந்தது. இன்னொரு தடவை பட்டாளத்துக்குப் போனால் இன்னொரு டப்பா கொண்டுவருவார் என்று நினைத்தேன். அவர் மறுபடி மலைக்கு வரவே இல்லை. சேலத்தில் ஏதோ ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருப்பதாகப் பிறகு ஒருவர் சொன்னார்.

அடுத்த தை நோம்பிக்கு அத்தை பிறந்த வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் மகன், பின்னால் மூத்தாள் பிள்ளைகள் இரண்டும். கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள். வளப்பூரிலிருந்து சாமையும் அவரைக்கொட்டையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனவள், மாடத்தில் இருந்த தகர டப்பாவைப் பார்த்தாள். அதில் நான் புளியங்கொட்டை போட்டு வைத்திருந்தேன்.

"இது ஏதுங்க நங்கையா?"

"சந்தையில வாங்குனது" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

"இல்ல அத்தை, மாமா கொண்டாந்தது. காக்கிச் சட்ட மாமா" என்றாள் என் தங்கச்சி. சின்னக் குழந்தை, அவளுக்கு என்ன தெரியும்?

அத்தை மகனைக் கீழே இறக்கிவிட்டாள்.

"உருண்டை?" என்று கேட்டாள்.

"போயே சேரலியாமா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

அத்தை அழவில்லை. டப்பாவை எடுத்து, என் புளியங்கொட்டைகளை என் பாவாடையில் கொட்டினாள். முந்தானையால் டப்பாவை உள்ளும் புறமும் துடைத்தாள். தன் மூட்டையை அவிழ்த்து ஒரு கை சாமை அள்ளி அதில் போட்டாள். மூடியை வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி மூடி, மறுபடியும் மாடத்தில் வைத்தாள்.

"வெறுமையாத் திருப்பக் கூடாதுங்க நங்கையா" என்றாள். அப்புறம் பொங்கல் வைக்க அடுப்பைக் கூட்டப் போய்விட்டாள்.

எனக்கு என் டப்பா போனதில்தான் வருத்தம். அடுத்த சந்தைக்குப் போகும்போது அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் சேர்த்துவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்பா வெறுங்கையோடு கிளம்பினார். அதற்கடுத்த சந்தைக்கும் அப்படித்தான். டப்பாவை ஏன் கொடுக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா உறியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து என் கையில் வைத்தாள். வெல்லம் கிடைத்ததும் நான் கேட்டதை மறந்துவிட்டு விளையாடப் போனேன்.